தரவு இறங்கிவிட்டது, கணக்குதான் உதைக்கிறது: பருவநிலைத் தரவுக் கிடங்குகளில் பிழை தேடும் வழி

ஈரா5 மறுபகுப்பாய்வுத் தரவையோ (அவதானிப்புகளையும் வானிலை மாதிரியையும் சேர்த்து உலகம் முழுவதற்கும் மணிவாரியாகக் கணக்கிட்ட ஐரோப்பியத் தரவு) இந்திய வானிலைத் துறையின் மழைக் கட்டத் தரவையோ (நாட்டைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துத் தரும் மழை அளவு) வைத்து வேலை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தத் தரவைப் பொதுச் சர்வரில் போட்டு நாலு பேருக்குப் பகிர்பவர்களுக்கும் உதவும். ஏதாவது கோளாறு என்றால் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது அதே கோப்பை மறுபடி தரவிறக்குவதுதான். 20 ஜிபி கோப்பை இரண்டாம் முறை இறக்கிய பிறகும் அதே கோளாறு அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதனால் முதலில் பைட்டுகள் முழுசாக வந்தனவா என்று பாருங்கள். அப்புறம் கோப்பு தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று பாருங்கள். எண்களின் மேல் சந்தேகப்படுவது அதற்குப் பிறகுதான். கீழே உள்ளவற்றை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் திரையில் தெரியும் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம்.

கோப்பு திறக்கவே மறுக்கிறது, "தெரியாத வடிவம்" என்கிறது

பெயரின் வாலில் என்ன இருக்கிறது என்பதை நம்பாதீர்கள். கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பாருங்கள். பருவநிலைத் தரவு பெரும்பாலும் நெட்சிடிஎஃப், கிரிப் என்ற கோப்பு வடிவங்களில் வரும். பழைய நெட்சிடிஎஃப் என்றால் தொடக்கத்திலேயே சி-டி-எஃப் என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். நெட்சிடிஎஃப்4 உள்ளுக்குள் ஹெச்டிஎஃப்5 என்ற வடிவம் என்பதால், இரண்டாவது பைட்டிலிருந்து ஹெச்-டி-எஃப் என்று தெரியும். கிரிப் கோப்பு தன் பெயரையே நான்கு எழுத்தாகச் சொல்லித் தொடங்கும். பி-கே என்று தொடங்கினால் அது ஜிப். கோணல் அடைப்புக்குறியில் தொடங்கினால் அது தரவே இல்லை, ஏதோ ஒரு வலைப்பக்கம்.

கடைசி இரண்டும்தான் அதிகம் நடப்பவை. ஐரோப்பாவின் கோபர்நிகஸ் பருவநிலைத் தரவுக் களஞ்சியம் 2024இல் புதிய தளத்துக்கு மாறியது. அதன் பிறகு, வெப்பநிலை போன்ற கணநேர மாறியையும் மழை போன்ற திரள் மாறியையும் (ஒரு கால அளவில் சேர்ந்த அளவு) ஒரே கோரிக்கையில் கேட்டால், இரண்டு தனித்தனிக் கோப்புகளை ஒரு ஜிப்பில் கட்டித் தருகிறது. நீங்கள் நிரலில் நெட்சிடிஎஃப் பெயர் கொடுத்துச் சேமித்திருந்தால், ஜிப்புக்குத் தவறான பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். பிரித்தால் இரண்டும் சரியாகத் திறக்கும். வலைப்பக்கம் வந்திருந்தால் அது பெரும்பாலும் உள்நுழைவுப் பக்கம். நாசாவின் எர்த்டேட்டா மாதிரி கணக்கு கேட்கும் இடங்களில், கடவுச்சொல் விவரத்தை நிரலுக்குக் கொடுக்காமல் விட்டால் இப்படி ஆகும். ஆயிரம் கோப்புகளும் ஒரே அளவில், சில கேபியில் இருந்தால் திறந்துபார்க்கக்கூட வேண்டாம், இதேதான்.

தொடக்கம் சரியாக இருந்து பாதியில் உடைகிறதா? கிரிப் கோப்பில் ஒவ்வொரு செய்தியும் 7777 என்ற நான்கு எழுத்துகளோடு முடியும். கோப்பின் கடைசி நான்கு பைட்டு அது இல்லையென்றால் தரவிறக்கம் நடுவில் அறுந்திருக்கிறது.

இந்திய வானிலைத் துறையின் 0.25 டிகிரி மழைக் கோப்புகளில் இப்படித் தலையும் வாலும் கிடையாது. வெறும் எண்கள் மட்டும். ஆனால் அதிலேயே ஒரு வசதி இருக்கிறது. கிழக்கு மேற்காக 135 புள்ளிகள், தெற்கு வடக்காக 129 புள்ளிகள், ஒவ்வொன்றும் 4 பைட்டு. ஆக 365 நாள் ஆண்டின் கோப்பு சரியாக 2,54,25,900 பைட்டு இருக்க வேண்டும், லீப் ஆண்டு என்றால் 2,54,95,560. ஒரு பைட்டு கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கோப்பை ஒதுக்கிவையுங்கள். 1901 முதல் உள்ள எல்லாக் கோப்புகளையும் இந்த இரண்டு எண்களோடு ஒப்பிட ஒரு நிமிடம்கூட ஆகாது.

காப்பி 4 ஜிபி வந்ததும் நின்றுவிடுகிறது

கோப்பின் அளவு 4294967295 பைட்டில் நிற்கிறதா? உங்கள் ஹார்ட் டிஸ்க் அல்லது பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு அதற்கு மேல் வளராது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள். மாற்றினால் உள்ளே இருப்பது எல்லாம் அழியும், ஆகவே முதலில் வேறு இடத்தில் எடுத்துவையுங்கள்.

செக்சம் ஒத்துப்போகவில்லை

செக்சம் என்பது கோப்பின் எல்லா பைட்டுகளையும் வைத்துக் கணக்கிடும் கைரேகை எண். அது ஒத்துப்போகவில்லை என்பதில் இரண்டு தனித்தனிச் செய்திகள் உண்டு. பலர் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு பதறுகிறார்கள்.

முதலாவது, சரிபார்க்கும் நிரல் "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்கிறது. கோப்போ கண்ணெதிரே இருக்கிறது. செக்சம் பட்டியலை யாரோ விண்டோஸில் சேமித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து கூடுதலாக ஒட்டியிருக்கிறது. லினக்ஸ் அதையும் கோப்பின் பெயரில் சேர்த்துப் படிக்கிறது. வரி முடிவுகளை யூனிக்ஸ் பாணிக்கு மாற்றினால் தீர்ந்தது.

இரண்டாவது, கோப்பு கிடைக்கிறது, எண்தான் வேறு. முதலில் ஒரே வகையைத்தான் ஒப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். எம்டி5 என்றால் 32 எழுத்து, எஸ்ஹெச்ஏ-256 என்றால் 64. நீளத்திலேயே தெரிந்துவிடும். வகை சரியாக இருந்து கோப்பின் அளவு மட்டும் கொஞ்சம் மாறியிருந்தால், பழைய எஃப்டிபி நிரல் உரை முறையில் இறக்கியிருக்கக்கூடும். அந்த முறை பைனரி கோப்பையும் உரை என்று நினைத்து வரி முடிவுகளைத் "திருத்தி" வைக்கும். அளவு அச்சாக அதேதான், செக்சம் மட்டும் வேறு என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். கிடங்கில் கோப்பைப் புதுப்பித்துவிட்டுப் பட்டியலைப் பழையதாகவே விட்டிருக்கலாம். இல்லையென்றால் உங்கள் டிஸ்க் கெட்டுக்கொண்டிருக்கலாம். அதே பிரதிக்கு மறுபடி செக்சம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தால் டிஸ்க்கையும் மெமரியையும் சந்தேகியுங்கள்.

"ஆர்சிங்க் போட்டேன், எல்லாம் ஒன்றுதான் என்றது" என்று சொல்வார்கள். கோப்புகளைப் பிரதியெடுத்து ஒத்திசைக்கும் நிரலான ஆர்சிங்க் தானாகப் பார்ப்பது கோப்பின் அளவையும் மாற்றிய நேரத்தையும் மட்டும்தான். உள்ளே பைட்டுகள் கெட்டு, அளவும் நேரமும் அப்படியே இருந்தால் அது கண்டுகொள்ளாது. செக்சம் வைத்து ஒப்பிடு என்று தனியாகச் சொல்ல வேண்டும். நேரம் பிடிக்கும்தான். ஆனாலும் மூலத்தை அழிப்பதற்கு முன்னால் ஒருமுறையாவது அப்படிச் செய்துவிடுங்கள்.

டிஸ்க்கில் இடம் இருக்கிறது, ஆனால் "இடமில்லை" என்கிறது

ஐநோடு தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு கோப்புக்கும் கோப்பு முறைமையில் ஒரு பதிவு வேண்டும். பல லினக்ஸ் முறைமைகளில் டிஸ்க்கை வடிவமைக்கும்போதே அந்தப் பதிவுகளின் எண்ணிக்கையை நிர்ணயித்துவிடுகிறார்கள். சார் (Zarr) என்ற வடிவில் தரவை லட்சக்கணக்கான குட்டித் துண்டுகளாக வைத்தாலோ, மணிக்கு ஒரு கோப்பு என்று 80 ஆண்டுகளை அடுக்கினாலோ பைட்டுக்கு முன்னால் ஐநோடு காலியாகும். டிஎஃப் கட்டளையில் ஐநோடு காட்டும் தேர்வைப் போட்டுப் பாருங்கள், 100% என்று நிற்கும். மாதத்துக்கு ஒரு கோப்பாகச் சேருங்கள், அல்லது டார் என்ற ஒரே கட்டாகக் கட்டி வையுங்கள். நெட்வொர்க்கில் காப்பி ஆமை வேகத்தில் போவதற்கும் பல நேரம் இதே குட்டிக் கோப்புகள்தான் காரணம். லைன் வேகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

தமிழ்நாட்டை மட்டும் வெட்டினால் வெறுமையாக வருகிறது

எக்ஸ்அரே என்ற பைத்தான் நூலகத்தில் அட்சரேகை 8 முதல் 14 வரை என்று கேட்டீர்கள். பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் பூஜ்ஜியம் புள்ளிகளோடு ஒரு அட்டவணை வந்தது. ஈரா5 வடக்கிலிருந்து தெற்காக, 90இல் தொடங்கி மைனஸ் 90 வரை இறங்குகிறது. அதனால் 14 முதல் 8 வரை என்று திருப்பிக் கேட்க வேண்டும். வானிலைத் துறையின் கோப்போ 6.5இல் தொடங்கி வடக்கே ஏறுகிறது. இரண்டையும் ஒரே நிரலில் வைத்துக்கொள்பவர்கள், திறந்த உடனேயே அட்சரேகையை ஏறுவரிசையில் அடுக்கிவிடுவது நல்லது.

போன வருடம் ஓடிய நிரல் இப்போது "டைம் என்று எதுவும் இல்லை" என்று அழுகிறதா? புதிய தளத்தின் நெட்சிடிஎஃப் கோப்புகளில் நேரத்தின் பெயர் வேலிட் டைம். பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். பழைய கோப்பில் திடீரென்று பாதி மதிப்புகள் காலியாகத் தெரிந்தால், எக்ஸ்ப்வெர் என்ற கூடுதல் அச்சு இருக்கிறதா என்று பாருங்கள். ஈரா5 சுமார் ஐந்து நாள் தாமதத்தில் ஒரு முதல்கட்டப் பதிப்பைத் தருகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து இறுதிப் பதிப்பு வரும். இரண்டும் கலந்த காலத்தைக் கேட்டவர்களுக்குப் பழைய தளம் 1, 5 என்று இரண்டு அடுக்காகக் கொடுத்தது. ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இருக்காது. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக நிரப்பிச் சேர்த்தால் முழுத் தொடர் கிடைக்கும். கட்டுரைக்கு எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினீர்கள் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கேட்பார்கள்.

மழை அளவு அபத்தமாக இருக்கிறது, அல்லது ஒரு நாள் தள்ளி விழுகிறது

இந்த அறிகுறிக்குத்தான் அதிக நேரம் செலவாகும். ஏனென்றால் இங்கே எந்த நிரலும் பிழை காட்டாது. படம் அழகாகவே வரும், ஆனால் தப்பாக இருக்கும்.

மழை 0.003 என்று வருகிறதா? ஈரா5 மழையை மீட்டரில் தருகிறது. ஆயிரத்தால் பெருக்கினால் மில்லிமீட்டர். மாத சராசரித் தொகுப்பை எடுத்திருந்தால் அது நாளொன்றுக்கு மீட்டர். ஆயிரத்தால் மட்டும் பெருக்கினால் போதாது, அந்த மாதத்தின் நாள் எண்ணிக்கையாலும் பெருக்க வேண்டும். இதை விட்டவர்களுக்கு நவம்பர் மாதச் சென்னை பாலைவனம் மாதிரி தெரியும். மாறாக, மழை மைனஸில் போகிறதா? மைனஸ் நூற்றுக்கணக்கில் என்றால், வானிலைத் துறையின் கோப்பில் தரவில்லாத இடத்தைக் குறிக்கும் மைனஸ் 999ஐயும் சேர்த்துச் சராசரி எடுத்திருக்கிறீர்கள். கடலும் அண்டை நாடுகளும் அந்த எண்ணோடுதான் இருக்கின்றன. ஈரா5இல் பூஜ்ஜியத்துக்கு ஒரு மயிரிழை கீழே வருபவை, எண்களைச் சுருக்கி வைப்பதால் வரும் எச்சம். பூஜ்ஜியமாக்கிவிடலாம்.

நிலப்பரப்புக்கு மட்டுமான ஈரா5-லேண்டை எடுத்தவர்களுக்கு வேறு தலைவலி. சாதாரண ஈரா5இல் ஒவ்வொரு மணி மதிப்பும் அதற்கு முந்தைய ஒரு மணி நேர மழை. லேண்டில் உலக நேரம் 00 மணியிலிருந்து அது கூடிக்கொண்டே போகும். மறுநாள் 00 மணி என்று போட்டிருக்கும் மதிப்பில்தான் முந்தைய நாளின் முழு மழை இருக்கிறது. இருபத்து நான்கு மணி மதிப்புகளையும் கூட்டினால் மழை பல மடங்காகும். வெள்ளம் வந்த மாதிரி படம் வரும்.

இப்போது நாள் தள்ளும் விஷயம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். கொட்டித் தீர்த்தது டிசம்பர் 1. ஆனால் வானிலைத் துறையின் பதிவில் தாம்பரத்தின் 49 சென்டிமீட்டர் டிசம்பர் 2 என்ற தேதியில் இருக்கிறது. காரணம், இந்தியாவில் மழை நாள் காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை. முடியும் நாளின் தேதியைத்தான் அதற்குப் போடுகிறார்கள். ஈரா5ஐ அப்படியே தேதிவாரியாகக் கூட்டினாலோ, உலக நேரப்படி நாள் பிரியும். அதாவது நம் நேரத்தில் ஏறத்தாழ அதிகாலை 5:30 முதல் மறுநாள் 5:30 வரை, தேதி தொடங்கும் நாளுடையது. ஆக அதே மழை ஒன்றில் 1ஆம் தேதி, இன்னொன்றில் 2ஆம் தேதி. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒட்டுறவு கணக்கிட்டால் எண் கேவலமாக வரும். "ஈரா5 சென்னைக்கு ஒத்துவராது" என்று ஒரு தவறான முடிவும் எழுதியாகிவிடும்.

சரிசெய்வது எளிது. காலை 8:30 என்பது உலக நேரம் 03 மணி. ஈரா5இன் மணி முத்திரை அந்த மணியின் முடிவைக் குறிப்பதால், டிசம்பர் 2ஆம் தேதி என்று பதிவான மழைக்கு ஈடாக, 1ஆம் தேதி 04 மணி முதல் 2ஆம் தேதி 03 மணி வரை உள்ள 24 மதிப்புகளைக் கூட்ட வேண்டும். நிரலில் நேரம் முழுவதையும் 4 மணி பின்னுக்குத் தள்ளி, நாள்வாரியாகக் கூட்டி, அப்புறம் தேதியில் ஒரு நாள் சேர்த்துவிடுங்கள். அதற்குப் பிறகும் 49 சென்டிமீட்டர் வராது. வரவும் கூடாது. ஈரா5இன் ஒரு கட்டம் சுமார் 31 கிலோமீட்டர் அகலத்தின் சராசரி. தாம்பரத்தில் இருப்பது ஒரு மழைமானி.

ஓர் ஊரின் வெப்பநிலைத் தொடரை எடுக்க மணிக்கணக்காகிறது

சர்வருக்குப் புது மெமரி கேட்டு விண்ணப்பம் போடுவதற்கு முன் துண்டுகளின் வடிவத்தைப் பாருங்கள். நெட்சிடிஎஃப்4 தரவைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சுருக்கி வைக்கும். கோப்பின் விவரத்தைக் காட்டும் என்சிடம்ப் கட்டளையில் சிறப்புப் பண்புகளைக் காட்டச் சொன்னால் தெரியும்.

ஈரா5இன் உலகக் கட்டம் 721க்கு 1440, மொத்தம் 10,38,240 புள்ளிகள். ஒரு மணிக்கு ஒரு துண்டு என்று சேமித்திருந்தால், ஒரு துண்டு விரிந்த நிலையில் சுமார் 4 எம்பி. மதுரைக்கு மட்டும் ஓராண்டு வெப்பநிலை கேட்கிறீர்கள். அது 8,760 எண்கள், 35 கேபி. ஆனால் துண்டுக்குள்ளிருந்து ஒரு எண்ணை மட்டும் உருவ முடியாது, முழுத் துண்டையும் விரித்தாக வேண்டும். ஆக 35 கேபிக்காக 36 ஜிபியை விரிக்கிறீர்கள். ஒரே ஊரின் வானிலைக் கட்டத்தைப் படிக்க, வருடம் முழுவதற்குமான நாளிதழ்க் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் புரட்டுவது மாதிரி.

720 மணி, 20 அட்சம், 20 தீர்க்கம் என்று துண்டை மாற்றினால் ஒன்று 1.15 எம்பி. மதுரையின் ஓராண்டுக்கு 13 துண்டுகள், சுமார் 15 எம்பி. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. இப்போது ஒரே ஒரு மணி நேரத்துக்கான உலக வரைபடம் வரைய 2,664 துண்டுகளைத் திறக்க வேண்டும். இரண்டு பக்கமும் வேகமான ஒரே வடிவம் கிடையாது. பகிர்பவர் யாருக்காகப் பகிர்கிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டு வகைப் பயனர்களும் உண்டென்றால் இரண்டு பிரதி வைப்பது மேல் என்பது என் கருத்து. டிஸ்க் மலிவு, மாணவர்களின் நேரம் அப்படியல்ல. மாற்றுவதற்கு என்சிகாப்பி கட்டளை போதும். பெரிய தொகுப்புகளுக்கு பைத்தானில் ரீசங்க்கர் இருக்கிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். உங்களுக்கு உலகம் முழுவதும் வேண்டுமா? தமிழ்நாட்டுக்கு 8 முதல் 14 வடக்கு, 76 முதல் 81 கிழக்கு என்று வெட்டினால் 25க்கு 21, வெறும் 525 புள்ளிகள். ஒரு மாறி, ஓராண்டின் எல்லா மணிகளும் சேர்ந்து 18 எம்பிதான். 1940 முதல் 2024 வரை 85 ஆண்டுகளும் சேர்ந்து சுமார் 1.6 ஜிபிதான். பென் டிரைவில் கொண்டுபோகலாம். கோரிக்கையிலேயே எல்லையைக் கொடுத்து வெட்டி வாங்கலாம். "செலவு வரம்பு மீறிவிட்டது" (பணமல்ல, கோரிக்கையின் அளவுதான்) என்று தளம் மறுத்தால் மாதம் மாதமாகப் பிரித்துக் கேளுங்கள்.

நேற்று திறந்த கோப்பு இன்று "தற்காலிகமாகக் கிடைக்கவில்லை, பிழை எண் 11" என்கிறது

ஹெச்டிஎஃப்5 நூலகம் கோப்பைத் திறக்கும்போது பூட்டுப் போடப் பார்க்கிறது. வேறு நிரலோ, மூடாமல் விட்ட நோட்புக்கோ அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை மூடுங்கள். யாரும் பிடிக்காமலேயே நெட்வொர்க் டிஸ்க்கில் இது வந்தால், கோப்புப் பூட்டை அணைக்கும் சூழல் மாறி ஒன்று ஹெச்டிஎஃப்5இல் உண்டு. படிக்க மட்டும் பயன்படும் கோப்புகளுக்கு அதை அணைக்கலாம். இருவர் எழுதும் கோப்புக்கு வேண்டாம்.

அனுப்பிய ஃபோல்டர் அங்கே இரண்டாகத் தெரிகிறது

தமிழில் கோப்புறைப் பெயர் வைப்பவர்களுக்கு வரும் பிரச்சினை இது. "கொடைக்கானல்" என்ற பெயர் இரண்டு முறை, எழுத்துக்கு எழுத்து ஒன்றாக, அருகருகே நிற்கும். யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் ப்ளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில்தான் வைக்கும். லினக்ஸோ கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும், இரண்டையும் வேறு வேறு பெயராகவே எண்ணும். மேக்கிலிருந்து ஆர்சிங்க் செய்யும்போது எழுத்துக் குறிமாற்றத் தேர்வைக் கொடுத்தால் இது நிற்கும். நீண்டகாலக் கிடங்குக்கு, பாதையில் வெறும் நிலைய எண்ணை வைத்துவிட்டு, தமிழ்ப் பெயரைக் கோப்புக்குள் விவரமாகப் போடுவதுதான் வம்பில்லாதது.

கட்டுரையில் உள்ள டிஓஐயில் போனால் வேறு எண்கள் இருக்கின்றன

ஆய்வுத் தரவைப் பொதுவில் சேமிக்கும் செனோடோ தளத்தில் ஒரு பதிவுக்கு இரண்டு வகை டிஓஐ (நிரந்தர அடையாள எண்) உண்டு. ஒன்று குறிப்பிட்ட பதிப்புக்கானது. இன்னொன்று எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவானது, அது எப்போதும் கடைசிப் பதிப்புக்கே கொண்டுபோகும். கட்டுரையில் பொதுவானதைப் போட்டிருப்பார்கள், இடையில் தரவு திருத்தப்பட்டிருக்கும். பக்கத்தின் ஓரத்தில் பதிப்புகள் பட்டியல் இருக்கும், கட்டுரை வெளிவந்த தேதியோடு ஒப்பிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதும்போது பதிப்புக்கானதைப் போடுங்கள். அங்கே வழக்கமான வரம்பு ஒரு பதிவுக்கு 50 ஜிபி, 100 கோப்புகள். நாளுக்கு ஒரு கோப்பு என்று வைத்திருப்பவர்கள் இங்கேயும் மாட்டுவார்கள்.

மூலத்திலும் இல்லை, பேக்கப்பிலும் இல்லை

முதலில் எதையும் எழுதாதீர்கள், எந்தத் தானியங்கி வேலையையும் ஓடவிடாதீர்கள். "பேக்கப்" என்று சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் அழிப்பதையும் சேர்த்துப் பிரதியெடுக்கும் ஆர்சிங்க்காக இருந்தால், மூலத்தில் போனது இரவில் அங்கேயும் போயிருக்கும். டிஸ்க் சரியாக மவுண்ட் ஆகாமல் மூல ஃபோல்டர் காலியாகத் தெரிந்த அன்று இரவு இது ஓடினால் மிச்சம் எதுவும் இருக்காது.

2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில் 77 டெராபைட், சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்களின் தரவு. அழித்தது பேக்கப் நிரலேதான். பழைய பதிவுக் கோப்புகளைத் துடைக்கும் ஷெல் நிரல் ஓடிக்கொண்டிருந்தபோதே அதன் மேல் புதிய பதிப்பை எழுதிவிட்டார்கள். ஷெல் நிரலை ஓட்டும் பாஷ் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் படிக்கும் என்பதால், நடுவிலிருந்து புதிய வரிகள் ஓடின. எந்த ஃபோல்டரில் துடைக்க வேண்டும் என்று சொல்லும் மாறி வரையறுக்கப்படாமல் காலியாக இருந்ததால், பதிவுக் கோப்புகளுக்குப் பதிலாகத் தரவே துடைக்கப்பட்டது.

உங்கள் நிரலில் இரண்டு மாற்றம் செய்யுங்கள். வரையறுக்காத மாறி வந்தால் உடனே நிறுத்து என்ற தேர்வை ஷெல் நிரலின் முதல் வரியிலேயே போடுங்கள். ஆர்சிங்க்கில் அழிக்கும் தேர்வு இருந்தால், ஒரே ஓட்டத்தில் இத்தனை கோப்புக்கு மேல் அழிக்காதே என்ற உச்சவரம்பையும் சேருங்கள். அப்புறம் மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து லீப் அல்லாத ஏதாவது ஒரு ஆண்டின் மழைக் கோப்பை வேறு கணினியில் மீட்டெடுத்து, 2,54,25,900 வருகிறதா என்று பாருங்கள்.